விமானப் படிப்பும் விமானிப் படிப்பும்

மே 9, வெள்ளி

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. புறவழிச்சாலையில் நான்கைந்து வருடங்களாக நடக்கும் தனியார் கல்லூரியின் தாளாளர் எழிலரசு இறங்கினார். கையில் சால்வை. பின்னால் ஓட்டுநர் கையில் ஆப்பிள் பெட்டி. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியரை யாரும் காரணமில்லாமல் தேடி வருவதில்லை.

விஷயம் இதுதான். இந்த ஆண்டு அவர்கள் மூன்று வருட பி.எஸ்சி. ஏவியேஷன் தொடங்குகிறார்கள். பாடத்திட்டக் குழுவுக்கு நான் தலைவராக இருக்க வேண்டுமாம்.

"திருச்சியில ஆரோக்கியசாமி சார்னா தெரியாதவங்க உண்டா? பாதி எஞ்சினியருங்க உங்ககிட்ட அடி வாங்கினவங்கதானே" என்றார்.

நான் யாரையும் அடித்ததில்லை. அதைச் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்று சால்வையைப் போர்த்திவிட்டுப் போய்விட்டார்.

லூர்து டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க முடியாதுன்னு சொன்னது அந்த மனுஷனுக்குப் புரியலங்க."

ஆப்பிள் நன்றாக இருந்தது.

மே 10, சனி

மாடியில் குடியிருக்கும் சிக்கந்தர் லட்டு கொண்டுவந்தார். மகள் நஸ்ரின் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். சிக்கந்தர் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டுகிறார். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அந்தப் பெண் எட்டாம் வகுப்பிலிருந்து விமானி ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. "வண்டி ஓட்டறதுதான் எங்க குடும்பத் தொழில் சார், அவ கொஞ்சம் ஒசரத்துல ஓட்டணும்ங்கறா" என்றார். சிரித்தோம்.

எனக்குச் சர்க்கரை உண்டு. லட்டு பாதிதான் சாப்பிட்டேன். மீதிப் பாதியை மாலையில் சாப்பிட்டேன்.

மே 13, செவ்வாய்

ஒப்புக்கொண்டாகிவிட்டது (நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் ஆகிவிட்டது). எனவே முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று நாட்களாகப் படிக்கிறேன். இணையத்தில் கிடைத்த விதிகளை அச்செடுத்து, கோப்பில் துளையிட்டு வைத்திருக்கிறேன்.

என் புரிதல், தவறாகவும் இருக்கலாம்: நம் நாட்டில் விமானி உரிமம் வாங்கப் பட்டம் தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். அரசு நடத்தும் தாள்களை எழுத வேண்டும். பிறகு ஃப்ளையிங் ஸ்கூலில் சேர்ந்து இருநூறு மணி நேரம் பறக்க வேண்டும். செலவு எல்லாம் அந்த இருநூறு மணி நேரத்தில்தான் இருக்கிறது. பட்டப்படிப்பில் ஒரு மணி நேரம்கூடப் பறக்க மாட்டார்கள்.

அப்படியானால் பட்டம் வீணா? அப்படியும் எழுத முடியவில்லை. விமான நிலையத்தில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. விமானியாகவே போனாலும், கண்ணிலோ காதிலோ ஒரு குறை வந்து தரையிறங்க நேர்ந்தால் கையில் ஒரு பட்டம் இருப்பது நல்லது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் பட்டம் கேட்கின்றன. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு எப்போதும் இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தெரிகிறது. துறைக் கூட்டங்களில் இதனால் நான் பேசி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிடும்.

மே 17, சனி

குழுக் கூட்டம். எல்லோரும் என்னைவிட இளையவர்கள். வானிலைத் தாளை நானே வகுத்தேன். மேகங்கள், காற்றழுத்தம், பனிமூட்டம், இடிமழைக்குள் எழும் காற்று. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, எந்த அலகுக்குப் பிறகு எது வந்தால் மாணவனுக்குத் தடுக்காது என்று யோசித்து யோசித்து எழுதினேன். மதியம் சாப்பிடக்கூட மறந்துபோனது. நல்ல பாடத்திட்டம். இதை நானே சொல்லக் கூடாது, இது நாட்குறிப்பு என்பதால் சொல்கிறேன்.

வரும் வழியில் காந்தி மார்க்கெட்டில் லூர்துவுக்கு முருங்கைக்காய் வாங்கினேன். முற்றல் என்றாள்.

மே 19, திங்கள்

சேர்க்கை நோட்டீஸின் மெய்ப்பு லூர்துவின் கைபேசிக்கு வந்தது. கல்லூரி அனுப்புவதெல்லாம் அவள் வாட்ஸப்புக்குத்தான் வரும். எனக்கு அது பிடிபடவில்லை. அச்செடுத்து சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இரண்டு எழுத்துப்பிழை, ஒரு சந்திப்பிழை. பிறகு நடுவில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: "மூன்றாண்டு விமானிப் படிப்பு."

நான் எழுதிக் கொடுத்தது "விமானப் படிப்பு." தட்டச்சு செய்தவர் கை தவறி 'ன'வுக்கு மேல்விலங்கு போட்டுவிட்டார். 'ன' 'னி' ஆகிவிட்டது. வட்டம் போட்டுத் திருத்தி, லூர்துவிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் செய்தேன்.

மாலையில் தாளாளரே பேசினார்.

"சார், அந்த ஒரு எழுத்து இருந்துட்டுப் போகட்டுமே. விமானப் படிப்புன்னா ஏதோ நட்டு போல்ட்டு கழட்டற படிப்புன்னு நெனைப்பாங்க. விமானிப் படிப்புன்னா புள்ளைங்க கண்ணு விரியும் பாருங்க."

"அர்த்தம் மாறுகிறதே."

"ஒரு சுழிதானே சார்?"

அது சுழி அல்ல, மேல்விலங்கு என்று சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். கடைசியில் "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

மே 22, வியாழன்

நோட்டீஸ் வந்துவிட்டது. வழவழப்பான தாள். மேல்விலங்கு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே "பேராசிரியர் ஆரோக்கியசாமி அவர்கள் வகுத்த பாடத்திட்டம்." புகைப்படத்தில் நான் சற்று இளமையாக இருக்கிறேன்.

மதியம் சிக்கந்தர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அவரே தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, நான் சாப்பிடச் சாப்பிடப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"நோட்டீஸ் பார்த்தேன் சார். ஒங்க பேரு இருக்கு. அப்புறம் எனக்கு என்ன யோசனை? இவ நேரா ஃப்ளையிங் ஸ்கூலுக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னா. நம்ம ஊர்லயே, நம்ம சார் போட்ட படிப்பு. டிகிரியும் ஆச்சு, பைலட்டும் ஆச்சு. மாத்தூர்ல ஒரு மனை கெடக்கு, நஸ்ரின் கல்யாணத்துக்குன்னு வாங்கினது. அதை வித்து மூணு வருஷத்தையும் ஓட்டிடலாம். வேற எனக்கு என்ன இருக்கு?"

பிரியாணி நன்றாக இருந்தது. கத்தரிக்காய்த் தொக்கும் வைத்திருந்தார்கள்.

மே 23, வெள்ளி

மின்விசிறிகளைத் துடைத்தேன். நான்கும்.

மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று தனித்தனி டப்பாவில் பிரித்து வைத்தேன். ஏற்கெனவே பிரித்துத்தான் இருந்தன.

மாலை நஸ்ரின் வந்தாள். நோட்டீஸை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"சார், இந்த மூணு வருஷம் முடிச்சா லைசென்ஸ் கைல வந்துடுமா?"

விமானச் சட்டம், வழிசெலுத்தல், வானிலை ஆகிய தாள்கள் அரசுத் தேர்வுக்கு எப்படி உதவும் என்று விளக்கினேன். பட்டத்துக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவதற்கு முன் பட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"ஆமாவா இல்லையா சார்?"

"பார்க்கலாம்மா" என்றேன்.

சமையலறையிலிருந்து லூர்து குரல் கொடுத்தாள். "அவரு பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம் பாப்பா. இந்த வீட்டுக்கு ஏ.சி. வாங்கலாமான்னு பத்து வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்காரு."

நஸ்ரின் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்போ அந்த மனை போயிட்டா அப்புறம் பறக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதே சார். செவ்வாக்கிழமை காலேஜ்ல பணம் கட்டப் போறாங்க அத்தா. மனைக்கு ஆளும் வந்தாச்சு. நீங்க சொல்லுங்க சார். நான் சொன்னா, காலேஜ் போக சோம்பேறித்தனம்ங்கறாங்க."

அவள் போனபின் லூர்து கரண்டியோடு வந்து என் எதிரில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வருட மண வாழ்க்கையில் அவள் ஒன்றும் சொல்லாத நாட்கள் குறைவு.

மே 24, சனி

சிக்கந்தர் காலையில் வண்டி எடுத்துப் போனார். பிற்பகல் வந்தார். மறுபடி போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். நாளை ஞாயிறு, ஓய்வாக இருப்பார்.

மே 25, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சட்டை மாற்றாமல் மாடி ஏறினேன். மாற்றினால் இறங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

சிக்கந்தர் கைலியோடு தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். உட்கார்ந்தால் சுற்றி வளைப்பேன். நின்றபடியே சொன்னேன்.

"அந்தப் படிப்பு படித்தால் விமானி ஆக முடியாது, சிக்கந்தர். அது விமானப் படிப்பு. அச்சில் தவறாகிவிட்டது."

அவருக்குப் புரியவில்லை. நோட்டீஸை எடுத்துவந்து விரல் வைத்துப் படித்தார். "விமானி... இதோ விமானின்னுதானே போட்டிருக்கு?"

"அந்த மேல்விலங்கு இருக்கக் கூடாது."

"எது சார்?"

காட்டினேன். அவர் விரலால் அந்த எழுத்தின் தலையை மூடிப் பார்த்தார். எடுத்தார். மறுபடி மூடினார்.

"அப்ப இது பொய்யா சார்?"

"ஒரு எழுத்து பொய். மற்றது உண்மை."

"ஒங்க பேரு?"

"அது உண்மை" என்றேன். வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி ஜெய்புன் அடுக்களை வாசலில் நின்றார். சிக்கந்தர் நோட்டீஸைக் கீழே வைத்தார்.

"முந்தாநேத்து, இல்ல, அதுக்கு முந்தின நாள், பிரியாணி சாப்பிடறப்பவே தெரியுமா சார் ஒங்களுக்கு?"

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்றேன்.

நஸ்ரின் உள்ளேயிருந்து பக்கென்று சிரித்துவிட்டாள். சிக்கந்தர் அவளை முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பில் உதடு துடித்தது. ஆனால் கோபம் போகவில்லை.

"நீங்க படிச்சவங்க, லேசாச் சொல்லிடுவீங்க. டிகிரி இல்லாம ஒரு பொண்ணு மனையையும் வித்துட்டுப் பறக்கப் போயி, நாளைக்கு ஏதோ ஒண்ணு ஆயி திரும்பி வந்தா? டிகிரியும் இல்ல, மனையும் இல்ல. யாரு சார் கட்டிக்குவா?"

"அத்தா, நான் என்ன பழைய டயரா?" என்றாள் நஸ்ரின்.

"நீ சும்மா இரு புள்ள."

அது நியாயமான கேள்வி. எனக்கும் அதே பயம்தான். அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்: எதை முதலில் செய்வது என்பதை. கல்லூரியிலும் கட்ட வேண்டாம், பறக்கவும் போக வேண்டாம். முதலில் மருத்துவப் பரிசோதனை. கண், காது, இதயம். அதில் தேறவில்லை என்றால் என் பாடத்திட்டமே அவளுக்கு நல்லது. மனம் நோகாமல் சேரலாம். தேறினால் மனையைத் தொடாமல் வைத்திருந்து பறப்பதற்குக் கொடுங்கள். பட்டத்தைப் பிறகு அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாம், பறப்பதை அஞ்சலில் படிக்க முடியாது.

ஜெய்புன் தேநீர் கொடுத்தார். ஏலக்காய் போட்டிருந்தார்.

நான் இறங்கும்போது சிக்கந்தர் மறுபடி நோட்டீஸை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வரை வரவும் இல்லை.

மே 27, செவ்வாய்

சிக்கந்தர் இன்று கல்லூரிக்குப் போகவில்லை. நான் போனேன். தாளாளர் அறையில் ஏ.சி. அதிகம்.

"எழுத்தைத் திருத்துங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றேன். வழியெல்லாம் பேருந்தில் இதை மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். எழுவாய், பயனிலை, எல்லாம் சரியாக வந்தது.

"அடிச்சாச்சே சார். பூராவும் வெளிய போயிடுச்சு. ஸ்டிக்கர்தான் ஒட்டணும்."

"ஒட்டுங்கள்."

"சரி சார். நீங்க சொன்னா சரி."

இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. திரும்பும் வழியில் மலைக்கோட்டைப் பக்கம் இறங்கி ஒரு ரோஸ்மில்க் குடித்தேன். லூர்துவிடம் சொல்லவில்லை.

மே 30, வெள்ளி

பேருந்து நிறுத்தத்துச் சுவரில் நோட்டீஸ். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர்மேல்.

விமானிப் படிப்பு அப்படியே இருக்கிறது. என் புகைப்படமும் இருக்கிறது, யார் என்றுதான் தெரியாது.

லூர்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "சொன்னதைத்தானே செஞ்சிருக்காங்க? இல்லையென்றால்னு ஏன் சேர்த்தீங்க?" பிறகு எனக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தாள். வருத்தம் பெரிதாக இல்லை. அந்த வானிலைத் தாளை நினைத்தால்தான் கொஞ்சம்.

ஜூன் 5, வியாழன்

நஸ்ரினும் சிக்கந்தரும் மருத்துவப் பரிசோதனைக்காகச் சென்னை போனார்கள். படியில் இறங்கும்போது சிக்கந்தர் "வர்றோம் சார்" என்றார். பதினோரு நாட்களுக்குப் பிறகு பேசியிருக்கிறார். கறிவேப்பிலைச் செடிக்கு உரம் வைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

தாளாளர் பேசினார். குரலில் பழைய சால்வை இல்லை.

"சார், சேர்க்கைக்கு வர்ற எல்லா அப்பாம்மாவும் ஒரே கேள்வி கேக்கறாங்க. லைசென்ஸ் உண்டா, எத்தனை மணி நேரம் பறக்க விடுவீங்கன்னு. ஏர்போர்ட் டாக்சிக்காரங்க பூராவும் இதே பேச்சா இருக்காம். யாரு சார் கிளப்பி விட்டது?"

"நானாக இருக்கலாம்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரித்தார் என்று நினைக்கிறேன், இருமலாகவும் இருக்கலாம். "ரெண்டாவது தடவை அடிக்கிறோம். அந்தச் சுழியை எடுத்துடறேன். ஒங்க பேரைத் திரும்பப் போடலாமா?"

"மேல்விலங்கு" என்றேன். "போடுங்கள்."

விமான நிலையத்தில் வேலை பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு அது நல்ல படிப்புதான். என்னவென்று தெரிந்து சேருகிறவர்களுக்கு.

ஜூன் 13, வெள்ளி

நஸ்ரின் தேறிவிட்டாள். கண், காது, இதயம் எல்லாம். படியில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கி வந்து லூர்துவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் கை நீட்டினாள், குலுக்கினேன்.

மகிழ்ச்சிதான். ஆனால் தேறாமல் இருந்திருந்தால் எல்லாம் எளிதாக இருந்திருக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. அதை எழுதியிருக்க வேண்டியதில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

மாலை சிக்கந்தர் கீழே வந்தார். வெளிமாநிலத்தில் ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது. போய் நேரில் பார்த்து வந்த ஒருவரிடம் விசாரித்தும் விட்டார். நாளை மனையைப் பதிவு செய்கிறார்கள்.

"சாட்சிக் கையெழுத்துக்கு ரெண்டு பேரு வேணும் சார். ஒண்ணு என் மச்சான். இன்னொண்ணு நீங்க."

எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, வேறு யாராவது என்று ஆரம்பித்தேன்.

"பறக்கட்டும்னு சொன்னது யாரு? நீங்கதானே?" என்றார். குரல் உயரவில்லை. "எனக்கு இன்னும் பயம்தான் சார். ராத்திரியெல்லாம் அவ அம்மா அழுவுறா. நீங்க பக்கத்துல நின்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா, சார் தெரிஞ்சுதான் சொன்னாருன்னு எங்களுக்கு ஒரு தெம்பு."

தெரிந்துதான் சொன்னேனா? விதிகள் தெரியும். இருநூறு மணி நேரம் முடிந்து வேலை கிடைக்குமா என்பது எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதையும் அவரிடம் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "டாக்சி வாங்கினப்பவும் சவாரி வரும்னு யாரும் எழுதிக் குடுக்கல."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

லூர்து அதற்குள் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட எடுத்துவிட்டிருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

பதிவு அலுவலகத்தில் கூட்டம். நஸ்ரின் மரத்தடியில் நின்று அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மனையை வாங்குபவர் கறிக்கடைக்காரர், பொண்ணு பைலட் ஆகப் போவுதா என்று கேட்டு, அவளை மேலும் கீழும் பார்த்து, "ஒசரம் பத்துமாம்மா?" என்றார். "ஸீட்டை ஏத்திக்கலாம் மாமா" என்றாள்.

எங்களைக் கூப்பிட்டார்கள். சிக்கந்தர் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா ஒருமுறை நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அசைத்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவர் போட்டார்.

சார்பதிவாளர் இளம் பெண். என்னிடம் திரும்பினார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"மாடியில் குடியிருக்கிறார். டாக்சி ஓட்டுகிறார். மகளை ஃப்ளையிங் ஸ்கூலுக்கு அனுப்புவதற்காக..."

"ஐயா, தெரியுமா தெரியாதா? அது போதும்."

"தெரியும்" என்றேன்.

முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரல்ரேகைக் கருவி என் விரலை முதலில் ஏற்கவில்லை. வயதானால் ரேகை தேய்ந்துவிடுமாம். நஸ்ரின் தன் துப்பட்டாவால் என் விரலைத் துடைத்துவிட்டாள். பிறகு ஏற்றுக்கொண்டது.

வெளியே வந்ததும் சிக்கந்தர் என்னைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

ஜூன் 17, செவ்வாய்

நேற்று இரவு கண்டிப்பாகத் தூக்கம் வராது, இந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகுமோ என்று விடிய விடிய விழித்திருப்பேன் என்று நினைத்துத்தான் படுத்தேன். தலையணைப் பக்கத்தில் தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தேன்.

என் குறட்டை மாடிவரை கேட்டதாம். நஸ்ரின் காலையில் சொல்லிவிட்டுப் போனாள்.